சோலோ வாசிக்காத ஃப்ரெடி கிரீன்

ஜாஸ் கிதார் என்றாலே யாருடைய விரல் வேகம், யாருடைய சோலோ (தனித்து முன்னால் வந்து வாசிப்பது) பிரமாதம் என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் 1937-ல் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்தார். 1987-ல் இறக்கும்வரை, 1950 வாக்கில் வந்த ஒரு சிறு இடைவெளி தவிர, அங்கேயேதான் இருந்தார். அத்தனை காலத்தில் அவர் எடுத்த சோலோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அந்தக் கருவியை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் மிகக் குறைவு என்பது என் கருத்து.

பார் என்கிற ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் நான்கு பீட், நான்குக்கும் நான்கு ஸ்ட்ரோக். வெளியே பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் பிற்காலப் பதிவுகளை உற்றுக் கேளுங்கள். இடது கை முழு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை) பிடித்திருக்கும். தெளிவாகக் கேட்பதோ பல இடங்களில் ஒரே ஒரு ஸ்வரம்தான், பெரும்பாலும் நான்காவது தந்தியில். மற்ற தந்திகளை விரல்கள் அழுத்தாமல் லேசாகத் தொட்டிருப்பதால் அவற்றிலிருந்து 'சக்' என்ற ஓசை மட்டும் வரும். அந்த ஒற்றை ஸ்வரம் பீட்டுக்கு பீட் இடம் மாறி, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் நடைக்கு மேலே இன்னொரு மெட்டாக நகர்ந்துகொண்டே இருக்கும். பக்கவாத்தியம் என்று இதை எப்படி ஒதுக்க முடியும்?

கிதாரில் தந்திகளை மிக உயரமாகத் தூக்கிக் கட்டியிருப்பார். விரலுக்குக் கடும் வேலை, ஆனால் ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே சத்தம் எழும். எலெக்ட்ரிக் கிதாரின் ஒலி நீண்டு நிற்கும், ட்ரம்ஸும் பேஸும் சேரும் இடத்தைக் குழப்பிவிடும். இவருடைய ஒலி பிறந்த கையோடு அடங்கிவிடும். (ஒரு சமயம் இவர் ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்தபோது சக கலைஞர்களே அதை வேலை செய்யவிடாமல் பண்ணிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.)

காலமும் அவருக்கு எதிராகத்தான் இருந்தது. 1939-ல் எலெக்ட்ரிக் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன், கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழுவில் சேர்ந்த பிறகு எலெக்ட்ரிக் கிதார் சாக்ஸஃபோனுக்குச் சமமாக முன்னால் வந்து நின்றது. சின்ன வயதிலேயே போய்விட்ட அந்த மேதையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ரிதம் வாசிப்பது (பின்னணியில் தாளத்துக்கு வாசிப்பது) சோலோ கிடைக்காதவர் செய்யும் வேலை என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்கு வருத்தம். கிரீனுக்கு வாய்ப்பு வராமலும் இல்லை. 1938-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் குட்மேன் நடத்திய கச்சேரியில் தனியாக வாசிக்க ஒரு சுற்று அவருக்கு வந்தது. அங்கேயும் கார்டுகளைத்தான் வாசித்தார்.

1950 வாக்கில் பேஸி பெரிய குழுவைக் கலைத்துவிட்டு ஒரு சிறு குழுவை அமைத்தார். அதில் கிரீனுக்கு இடமில்லை. அவரோ ஒருநாள் அழைக்காமலே கிதாரோடு வந்து உட்கார்ந்துவிட்டார் என்பார்கள். எப்படியோ, மறுபடி வந்தவர் பிறகு போகவே இல்லை. 1984-ல் பேஸி இறந்த பிறகும் அதே நாற்காலியில் வாசித்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் 1958-ல் வெளிவந்த 'தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி' ஆல்பத்தில் 'லில் டார்லின்' என்ற மெதுவான பாட்டிலிருந்து தொடங்கலாம். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். முதல் தடவை ட்ரம்பெட்டுகளை ரசியுங்கள், அப்புறம் இரண்டாவது தடவை கிதாரை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.