பழையாறைக்கு ஒரு வாடகை சைக்கிள்

கும்பகோணத்துக்கு வருகிறேன் என்று வெளியூர் நண்பர்கள் சொன்னால் நான் முதலில் கேட்பது, சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்பதைத்தான். தெரியும் என்றால் வேன் பேச வேண்டாம், கார் வேண்டாம், ஒருநாள் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அடுத்த கேள்வி உடனே வரும்: "வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும்?" அங்கே என் பேச்சு நின்றுவிடுகிறது. இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை, கடைத்தெருவில் ஒரு கடை என்று வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. பின் மட்கார்டில் கடையின் பேரும் சைக்கிளின் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்கும். நோட்டில் பேரையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள், மணிக்கணக்கில் வாடகை. பெரியவர்களுக்கு முழு சைக்கிள், பிள்ளைகளுக்கு அரை சைக்கிள். தெரியாத ஆளென்றால், "எந்தத் தெரு, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மொபெட் வந்தது, தவணையில் பைக் வந்தது. கடைகள் ஒவ்வொன்றாகப் பஞ்சர் கடைகளாயின, பிறகு அதுவும் இல்லாமல் போயின. உள்ளூர்க்காரர்களுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை, அவர்களிடம் சொந்த வண்டி வந்துவிட்டது. நஷ்டமெல்லாம் ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இப்போது கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறார்கள். ராத்திரி லாட்ஜில் தங்கி, விடியற்காலையில் வேனில் ஏறி நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் சுற்றிவிட்டு, அடுத்த நாள் ஊர் திரும்புகிறார்கள். வேண்டுதலோடு வருகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்குக் கும்பகோணம் என்பது படுக்கவும் டிகிரி காபி குடிக்கவும் ஓர் இடம், அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கல்வேலை லாட்ஜிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்க, அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போன தை மாதம் ஊரின் ஓரத்தில் ஒரு ரிப்பேர் கடையில் கேட்டுப் பார்த்தேன். மார்க்கெட்டுக்கு வருகிறவர்களுக்காக இன்னும் சில சைக்கிள்களை நாள் வாடகைக்கு வைத்திருக்கிறார். காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"எது வரைக்கும் போறீங்க?"

"பழையாறை வரைக்கும்ண்ணே."

"அங்க என்ன இருக்கு? எல்லாரும் பட்டீஸ்வரம் துர்க்கையப் பாத்துட்டுத் திரும்பிடுவாங்களே."

அவர் சொன்னது உண்மைதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

விடியலில் ஆரம்பிப்பது முக்கியம். எட்டு மணிக்குமேல் தனியார் பஸ்களின் ஹாரன் ஊரைக் கையில் எடுத்துக்கொள்ளும். மகாமகக் குளத்தைச் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றினாலே அதன் அளவு உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் கட்டியவர் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். படியோரம் நிறுத்தி, காலை ஊன்றியபடியே விமானங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பின்னால் யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள்.

அங்கிருந்து நாகேஸ்வரன் கோயில். இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். முதலாம் ஆதித்தன் காலம், 9ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. சித்திரையில் சூரிய ஒளி கருவறை லிங்கத்தின்மேல் விழும் நாட்களில் கூட்டம் நெருக்கும், மற்ற நாட்களில் பெரும்பாலும் அமைதிதான். கருவறையின் வெளிச்சுவர் மாடங்களில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் உருவங்கள் தெய்வங்கள் அல்ல, மனிதர்கள். ஒரு பெண் சற்றே இடுப்பை ஒசித்து, யாரையோ எதிர்பார்ப்பதுபோல் நிற்கிறாள். கல்லிலிருந்து முக்கால்வாசி வெளியே வந்துவிட்டாள். அரச குடும்பத்தாரா, கொடையாளர்களா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சோழர் சிற்பம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் இந்தச் சுவர்தான் நினைவுக்கு வரும். இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் தஞ்சாவூர் நண்பர்கள் எனக்கு உண்டு.

சாரங்கபாணி, ராமசுவாமி, கும்பேஸ்வரன் மூன்றும் அடுத்தடுத்து. சாரங்கபாணியில் கருவறையே தேர், சக்கரத்தோடும் குதிரையோடும் நிற்கிறது. ராமசுவாமி கோயில் பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுக்க ஓவியமாக ஓடுகிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவிலேயே ராமானுஜனின் வீடு, ஓடு வேய்ந்து, திண்ணை வைத்த சின்ன வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகக் காத்து வருகிறது. அங்கிருந்து அவர் படித்த நகர மேல்நிலைப் பள்ளி, அப்புறம் காவிரிக் கரையில் 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. கணக்கைத் தவிர எதிலும் மனம் செல்லாமல் அவர் உதவித்தொகையை இழந்தது அங்கேதான். வீடு, பள்ளி, கல்லூரி மூன்றையும் ஒரே மூச்சில் மிதித்துப் பாருங்கள். அந்தப் பையனின் உலகம் எவ்வளவு சின்னது என்பது புரியும். எந்த வாழ்க்கை வரலாற்றைப் படித்தும் எனக்கு அது அப்படி உறைக்கவில்லை.

டெல்டாவில் ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றுப் பாலம்தான். மற்றபடி எல்லாம் சமதரை. சைக்கிளுக்கு இதைவிட வாகான மண் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் காவிரி, அரசலாறு, முடிகொண்டான், திருமலைராஜன் என்று ஆறுகள், நடுநடுவே வாய்க்கால்கள். தொடை இறுகிப் பாலத்தில் ஏறி, மிதிக்காமலே அந்தப்பக்கம் இறங்கும்போது, ஓர் ஆற்றைத் தாண்டினோம் என்பது காலுக்குத் தெரிகிறது. காரில் போனால் எத்தனை ஆறு தாண்டினோம் என்று யாருக்கும் தெரியாது.

தாராசுரம் ஊரிலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர். ஐராவதேஸ்வரர் கோயிலை அறியாதவர் இருக்கமாட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லாரும் தேர் மண்டபத்தின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கருவறையைச் சுற்றி வாருங்கள். அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னக் கற்களாக, கீழே பெயர் பொறித்து வரிசையாக இருக்கின்றன. குனிந்து பார்க்க வேண்டும். இந்தக் கதைகளைப் பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார், இரண்டாம் ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கனின் அவையில் இருந்தவர். பாட்டாக வந்த கதை அடுத்த தலைமுறையிலேயே கல்லில் ஏறிவிட்டது. வேன்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் இதையெல்லாம் நின்று பார்க்க முடியாது. வெளியே வந்தால் தெருக்களில் தறிச் சத்தம். சௌராஷ்டிர நெசவாளர்கள் பட்டு நெய்யும் ஊர் இது. கண்ணாடி ஏற்றிய ஏசி காருக்குள் அந்தச் சத்தம் வராது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். தாராசுரம் தனி ஊரல்ல. அது பழையாறை என்ற பெருநகரத்தின் ஒரு பகுதி. நந்திபுரம், முடிகொண்ட சோழபுரம் என்றெல்லாம் பேர் பெற்று, தலைநகரம் தஞ்சைக்கும் பிறகு கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போனபோதும் சோழர்கள் விடாமல் பிடித்திருந்த நகரம். அதன் துண்டுகள் இன்று தனித்தனிக் கிராமங்கள். காரில் போனால் தாராசுரம் ஓர் இடம், பட்டீஸ்வரம் ஓர் இடம். நடுவே உள்ளதெல்லாம் வெறும் ரோடு.

சைக்கிளில் போகும்போது ஊர்ப் பலகைகளைப் படிக்க நேரம் இருக்கிறது. சோழன் மாளிகை என்று ஒரு கிராமம் வரும். மாளிகை எதுவும் இல்லை. வீடுகள், வயல், ஒரு டீக்கடை. ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று சோழர் படைகள் தங்கிய நான்கு படைவீடுகளும் ஊர்ப் பெயர்களாக நிற்கின்றன. பட்டீஸ்வரம், திருச்சத்திமுற்றம், திருமங்கையாழ்வார் பாடிய நாதன்கோயில். பழையாறை வடதளியில் மறைக்கப்பட்டிருந்த சிவனைக் காணாமல் உண்ணமாட்டேன் என்று அப்பர் பட்டினி கிடந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. அமர்நீதி நாயனாரின் ஊரும் பழையாறைதான். பத்து நிமிஷம் மிதித்தால் ஒன்று, இன்னும் கொஞ்சம் மிதித்தால் இன்னொன்று. இவையெல்லாம் ஒரே நகரம் என்பது எனக்கு மேப்பில் புரியவில்லை, மிதித்தபோதுதான் புரிந்தது.

அந்த வழியில்தான் பஞ்சவன்மாதேவீச்சரம் இருக்கிறது. ராமநாதன் கோயில் என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். பஞ்சவன்மாதேவி, முதலாம் ராஜராஜனின் தேவியரில் ஒருவர். ராஜேந்திரனைப் பெற்றவர் அல்லர். அந்தச் சிற்றன்னைக்கு ராஜேந்திரன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில், இது. கங்கை வரைக்கும் படை அனுப்பியவன், தன்னைப் பெறாத ஒரு தாய்க்கு இத்தனை சின்னதாய், இத்தனை பாந்தமாய் ஒரு கோயில் கட்டியிருக்கிறான். நான் போன மத்தியானம் அங்கே வேறு யாரும் இல்லை. அர்ச்சகர் வரும்வரை மர நிழலில் உட்கார்ந்திருந்தேன். மனசு கனத்துப்போனது.

இப்போது பொலன்னறுவையைச் சொல்ல வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் சோழர்கள் இலங்கையைப் பிடித்து, ஜனநாதமங்கலம் என்று பேர் வைத்து ஆண்ட நகரம். 1070இல் முதலாம் விஜயபாகு அதை மீட்டான். இன்று அங்கே போகும் வெளிநாட்டுப் பயணிகள் என்ன செய்கிறார்கள்? வாடகை சைக்கிள் எடுக்கிறார்கள். இடிந்த நகரத்தை நாள் முழுக்க மிதித்துப் பார்க்கிறார்கள், சோழர் எடுப்பித்த வானவன்மாதேவி ஈச்சரம் உட்பட. சோழர்கள் வென்ற நகரத்தைச் சைக்கிளில் சுற்றலாம், சோழர்களின் சொந்த நகரத்தில் வாடகைக்கு ஒரு சைக்கிளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

வெயில் என்பார்கள். சித்திரை, வைகாசியில் நானும் போகச் சொல்லமாட்டேன். மார்கழி, தை, மாசி போதும். மார்கழியில் சம்பா பச்சையாக நிற்கும். தையில் அறுப்பு. அப்போது மட்டும் கவனம் வேண்டும். பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும், வைக்கோல் செயினில் சுற்றினால் இறங்கி எடுத்தால்தான் ஆயிற்று. நெல் காய்கிற பக்கம் ஏறாமல் போங்கள், அது ஒருவரின் ஆறுமாத உழைப்பு.

ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்றார் ஒரு நண்பர். கிடைக்கலாம். ஆனால் லைசென்ஸ் வேண்டும், டெபாசிட் வேண்டும், அதைவிட முக்கியம், அதன் வேகம் இந்த ஊருக்கு ஒத்துவராது. பெண்கள் ஓட்டுவார்களா என்று இன்னொருவர் கேட்டார். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்கள், கூலி வேலைக்குப் போகிற பெண்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் டெல்டாவின் எந்த ரோட்டிலும் நின்று பாருங்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பெண் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். அந்தக் கேள்விக்கு அவர்களே பதில். கடை வைத்தால் பார் இல்லாத சைக்கிள் பாதியாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. ஆப் வேண்டாம், ஜிபிஎஸ் பூட்டு வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒன்று, மகாமகக் குளத்தின் பக்கம் ஒன்று, தாராசுரத்தில் ஒன்று என்று மூன்று இடங்கள். ஒரு நோட்டு, ஒரு பம்ப், நல்ல பிரேக் உள்ள சைக்கிள்கள். இன்றும் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவர்களிடமே அதை ஒப்படைக்கலாம், அவர்களைவிட இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கூடவே பழையாறை வழியைக் காட்டும் ஒரு தாள், தமிழில். இதை நகராட்சியாக இருந்து மாநகராட்சியாகிவிட்ட ஊரால் செய்ய முடியாதா?

2028இல் மகாமகம் வருகிறது. 1992இல் குளத்தில் நெரிசலில் மக்கள் செத்தது இந்த ஊர் மறக்க முடியாத துக்கம். அதனால் மாசி முழுக்க வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்தத் தற்காலிக நிறுத்தங்களிலிருந்து உள்ளே வரக் கொஞ்சம் சைக்கிளும் வைத்தால், முழுக்குப் போட்டவர்களில் சிலராவது மறுநாள் தாராசுரம், பழையாறை என்று கிளம்புவார்கள். திருவிழா முடிந்ததும் அந்தச் சைக்கிள்களை அப்படியே கடைக்காரர்களிடம் கொடுத்துவிடலாம். திட்டக் கூட்டங்கள் நடக்கும்போது போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு வரியை அங்கே எழுந்து சொல்லுங்கள்.