விகன் செய்தது நஷ்ட வியாபாரமா?

"கோப்பையை ஜெயிச்சு என்ன பிரயோஜனம், லீக்கை விட்டே இறங்கிட்டாங்களே" என்று இங்கிலாந்து கால்பந்து கிளப் விகன் அத்லெடிக்கைப் பற்றி இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். பெரிய, சின்ன கிளப் எல்லாம் மோதும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை 2013இல் ஜெயித்துவிட்டு, அதே சீசனில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய அணி அது. சரி, கடைசி மூன்று அணிகள் கீழே இறங்கும் அதே 2012-13 பிரீமியர் லீக்கில் 17ஆவதாக வந்து தப்பித்த அணி எது? தேடாமல் சொல்லுங்கள் பார்ப்போம். சண்டர்லேண்ட். 39 புள்ளிகள். 18ஆவதாக வந்த விகனுக்கு 36. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த வருட எஃப்.ஏ. கோப்பையே ஒரு மாதிரி கிறுக்குப் பிடித்துத்தான் ஓடியது. ஜனவரியில், ஐந்தாம் அடுக்கு லீக்கில் ஆடிக்கொண்டிருந்த லூட்டன், பிரீமியர் லீக் அணியான நார்விச்சின் மைதானத்துக்கே போய் 1-0 என்று ஜெயித்தது. மேல் நாலு அடுக்குக்கு வெளியே இருக்கும் ஓர் அணி முதல் டிவிஷன் அணியைச் சாய்த்தது 1989க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மறுநாள் மூன்றாம் அடுக்கு ஓல்டம் லிவர்பூலை 3-2 என்று அனுப்பியது, இரண்டாம் அடுக்கு லீட்ஸ் டாட்டன்ஹாமை வெளியே தள்ளியது. நார்விச் லீக்கில் 11ஆவது இடத்தில் முடித்தது. லூட்டன் ரசிகரிடம் போய் அந்த 11ஆவது இடத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

விகனும் ஆரம்பத்திலிருந்தே பிரமாதமாக ஆடியது என்று கதை விட மாட்டேன். பிரீமியர் லீக் அணிகள் நுழையும் மூன்றாம் சுற்றில் போர்ன்மவுத்தோடு சொந்த ஊரில் 1-1, மறுபடி ஆடிய ரீப்ளேவில்தான் பிழைத்தார்கள். ஆனால் காலிறுதியில் எவர்டன் மைதானத்தில் நாலு நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டார்களே, அதைப் பார்த்தபோதே ஏதோ நடக்கப் போகிறது என்று பட்டது. மே 11, வெம்ப்ளியில் இறுதிப் போட்டி, எதிரே மான்செஸ்டர் சிட்டி. விகனின் மெக்மனமன் படுத்திய பாட்டில் சிட்டியின் ஜபலேட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். 90 நிமிடம் முடிந்து, நிறுத்தங்களுக்காகச் சேர்த்த நேரத்தில் மலோனியின் கார்னர், பென் வாட்சனின் தலை, கோல். சில மாதங்களுக்கு முன்தான் கால் உடைந்து படுத்திருந்தவர், அன்று மாற்று வீரராக வந்தவர். கிளப் உரிமையாளர் டேவ் வீலனும் 1960 இறுதிப் போட்டியில் பிளாக்பர்னுக்காக ஆடும்போது காலை உடைத்துக்கொண்டவர்தான். அவரே அன்று அணியை மைதானத்துக்குள் அழைத்து வந்தார்.

மூன்று நாள் கழித்து லீக்கில் ஆர்சனலிடம் 4-1 தோல்வி, இரண்டாம் அடுக்குக்கு ரிலகேஷன். வலிதான், அதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. 2020இல் கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போய், 12 புள்ளி வெட்டுப்பட்டு இன்னொரு படி இறங்கியது. ஆனால் அதற்குக் காரணம் கோப்பையா? ஒரு கிளப் கையில் காசில்லாமல் நிற்பதற்கும் வாட்சனின் ஹெட்டருக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், இறங்கிய அடுத்த வருடமே, கோப்பையை ஜெயித்ததால் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கில் ஆடினார்கள், எஃப்.ஏ. கோப்பையில் சிட்டியை அவர்கள் வீட்டிலேயே மறுபடி 2-1 என்று வெளியேற்றினார்கள். என் சண்டை விகனோடு இல்லை. லீக்கில் பத்து, பதினொன்று என்று பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு, ஜனவரியில் கோப்பை ஆட்டம் வந்ததும் பாதி அணிக்கு ஓய்வு கொடுத்துத் தோற்றுவிட்டு, "எங்களுக்கு லீக்தான் முக்கியம்" என்று பேட்டி கொடுக்கிற மேலாளர்களோடுதான்.