துப்பாக்கிக்கு ஜாகா இருந்த அத்தை

போன மாதம் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் திருடன் புகுந்தான். பூட்டில் கைவைக்கவே இல்லை. குசினிக்கு மேலே ஒரு தகரத்தின் ஆணிகளை நெம்பி எடுத்து, தகரத்தை மடக்கிவிட்டு உள்ளே இறங்கியிருக்கிறான். வீட்டுக்காரர்கள் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். புல் வெட்டும் மிஷின், கேஸ் சிலிண்டர், அலமாரியில் இருந்த சங்கிலி, பிள்ளையின் உண்டியல் எல்லாம் போய்விட்டது. போதாததற்கு ஐஸ்பெட்டியில் இருந்த முதல்நாள் மீன் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு, காலிச் சட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த வீட்டு அக்காவுக்குச் சங்கிலி போனதுகூட ஆறிவிட்டது, அந்தச் சட்டி இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்தால் இப்படி நடக்குமா என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் அமெரிக்காவில் யாரோ வாசலில் நின்று திருடனை விரட்டும் வீடியோவைப் போட்டார். "முறையா லைசன்ஸ் எடுத்து வச்சா யார் என்ன கேட்க முடியும்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 43 பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் தீபாவளிப் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவர்கள், அது வேறு கதை.

இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் லைசன்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று பல வருஷம் இருந்தது.

என் மாமா, அதாவது அப்பாவின் தங்கை புருஷன், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே காட்டோரமாக ஐந்து ஏக்கர் வைத்திருந்தார். கொஞ்சம் டுரியான், மீதி செம்பனை. கன்று நட்ட முதல் வருஷம் காட்டுப் பன்றிகள் வந்து ஒரே ராத்திரியில் 30 கன்றுகளுக்கு மேல் தோண்டிப் போட்டுக் குருத்தைத் தின்றுவிட்டன. வேலி போட்டார், டின் தட்டினார், ராத்திரி முழுக்கக் குடிசையில் ரேடியோவைப் பாட விட்டுப் பார்த்தார். பன்றிகளுக்குப் பாட்டுப் பிடித்திருந்தது போல, இன்னும் அதிகமாக வந்தன. அப்புறம்தான் துப்பாக்கிக்கு மனு போட்டார். நிலத்தின் கிராண்ட், அதாவது பட்டா நகல், பன்றி தோண்டிய இடத்தின் படங்கள் எல்லாம் கொடுத்தார். போலீஸ்காரர்கள் தோட்டத்துக்கே வந்து பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் இவர் குடிப்பாரா, சண்டைக்காரரா என்று விசாரித்தார்கள். லைசன்ஸ் கைக்கு வருவதற்குள் இரண்டாம் முறை நட்ட கன்றிலும் பாதி போய்விட்டது.

வந்தது ஒற்றைக் குழல் மடக்குத் துப்பாக்கி. மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்பார்கள். வருஷா வருஷம் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். இரண்டு சாவியும் மாமாவின் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது அத்தைதான். துப்பாக்கி வந்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ராத்திரி வெளியில் தங்கியதே இல்லை. பத்துமலைத் தைப்பூசத்துக்கு மாமா போனால் அத்தை வீட்டில், பினாங்கில் சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அத்தை போனால் மாமா வீட்டில். பலகைச் சுவர், தகரக் கூரை, அந்த வீட்டில் அதை விட்டுவிட்டு எங்கே போவது? துப்பாக்கி காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டியவர் மாமா. "வீட்டுக்கு அது ஜாகா, அதுக்கு நான் ஜாகா" என்று அத்தை சொல்வார், ஜாகா என்றால் காவலாளி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பில் பினாங்குக் கல்யாணம் இருக்கும்.

இப்போது அந்த மூன்றாவது வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஆளே இல்லை. கூரை வழியாக இறங்கியவனுக்குக் குழம்பு சாப்பிடவே நேரம் இருந்திருக்கிறது. துப்பாக்கி இருந்திருந்தால் அவன் எதை எடுத்துக்கொண்டு போயிருப்பான்? புல் வெட்டும் மிஷினையா? எங்கள் ஊரில் நான் கேள்விப்பட்ட திருட்டு பெரும்பாலும் இப்படித்தான், ஆள் இல்லாத நேரம் பார்த்து நடக்கிறது.

லைசன்ஸ் எடுத்தால் போச்சு என்ற தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் தருவது மாநிலப் போலீஸ் தலைவர். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. பயமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் கிடைக்கிற சாமான் இல்லை அது. மாமாவுக்குக் கிடைத்ததுகூடப் பன்றியால்தான், திருடனால் இல்லை. அதிலும் காட்டுப் பன்றி 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குள் வருகிறது, துப்பாக்கி லைசன்ஸ் இருப்பதாலேயே வேட்டைக்குப் போய்விட முடியாது. காற்றுத் துப்பாக்கிதானே என்று யாரும் ஆன்லைனில் தேட வேண்டாம், சட்டத்தில் அதுவும் ஆயுதம்தான். லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருஷம் வரை சிறை அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. ஒரு புல் வெட்டும் மிஷினுக்காக.

அதற்காகத் திருடன் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. தண்டனைச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு நம் உடம்பையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ராத்திரி வீட்டை உடைத்துப் புகுகிறவன், கொள்ளையடிக்கிறவன் விஷயத்தில் அந்த உரிமை அவன் உயிர் போகிற அளவுக்கும் நீளலாம் என்று 103-ஆவது பிரிவு சொல்கிறது. குழுவில் இதை மட்டும் படம் எடுத்துப் போட்டார்கள். 99-ஆவது பிரிவை யாரும் போடவில்லை. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்யக் கூடாது, அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்று அதில் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், இருட்டில் எது தேவையான அளவு என்று யார் கணக்குப் போடுவது? வேலி தாண்டி ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டு, காத்துக்கொண்டேன் என்று கோர்ட்டில் சொல்ல முடியாது.

நம் ஊருக்குத் துப்பாக்கி புதுசும் இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி, எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டது இதே சுங்கை சிப்புட்டில்தான். அதிலிருந்துதான் 12 வருஷ அவசரகாலம். தாத்தா அப்போது ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் கேட்டு மூடிவிடும், மரத்துக்குக் கொண்டுபோகும் சோற்றைக்கூடத் திறந்து பார்ப்பார்கள் என்பார். அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. காவலுக்குப் போட்ட துப்பாக்கி எல்லாம் துரை பங்களாப் பக்கம் நின்றது, லயத்துப் பக்கம் வந்ததெல்லாம் சோதனைதான். அவசரகாலம் முடிந்த அதே 1960-இல்தான் இன்றைய ஆயுதச் சட்டமும் வந்தது. ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்கிறவர்கள் எல்பில் பக்கம் ஒரு நாள் மோட்டாரில் போய்வரலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் துப்பாக்கி கேட்கிறவர்கள் பக்கம். காட்டோரம் நிலம் வைத்திருக்கிற சின்ன விவசாயிக்கு லைசன்ஸ் மனு மாதக்கணக்கில் இழுக்கிறதே, அது சரியில்லை. ஆள் எப்படி என்று நன்றாக விசாரிக்கட்டும், பெட்டியையும் பூட்டையும் வந்து பார்க்கட்டும், ஆனால் முடியாது என்றாலும் சீக்கிரம் சொல்லட்டும். பன்றி மனுப் பாரம் நிரப்பிவிட்டு வருவதில்லை.

வீட்டுக் காவலுக்கு வருவோம். எங்கள் வரிசைக் கோடியில் ஒரு விளக்குக் கம்பம் எட்டு மாதமாக எரியவில்லை. மூன்று முறை புகார் கொடுத்தேன், மூன்று முறையும் ஒரு நம்பர் கொடுத்தார்கள், நம்பர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. திருடன் தகரத்தைக் கழற்றிய பக்கம் அதுதான். முன்பு லயத்தில் எதிரும் புதிருமாகக் கதவு இருக்கும், வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார், யார் வீட்டில் யார் இல்லை என்று அவருக்குத் தெரியும், புது முகம் வந்தால் கங்காணியைவிடக் கூடுதலாகக் கேள்வி கேட்பார். இப்போது எல்லாரும் உயரமாக மதில் கட்டியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லாமல் முகநூலில் படம் போட்டுச் சொல்கிறோம்.

ருக்குன் தெதாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு 1975-இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, அதன் கீழ் ராத்திரி ரோந்துக்கு ஆள் சேர்க்கவும் வழி இருக்கிறது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அது ஒரு பெயர்ப்பலகையோடு நிற்கிறது. ரோந்துக்குப் போகிறவருக்கு டார்ச் லைட்டும் விசிலும் போதும், ஏதாவது கண்ணில் பட்டால் 999. கூடவே கூரைத் தகரத்துக்கு ஆணிக்குப் பதில் ஸ்குரூ அடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் இரண்டு பெரிய வாத்து வளர்த்தாலும் தப்பில்லை, எங்கள் நாயைவிட அவை நன்றாகக் கத்தும்.

மாமா இறந்த பிறகு துப்பாக்கியையும் மீதி ஏழு தோட்டாவையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அத்தையும் கூட வந்தார். ரசீதை இரண்டு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே பினாங்குக்குப் போய் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார்.

வரும் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பாலாய் ராயா பொது மண்டபத்தில் ரோந்துக்குப் பெயர் எழுதுகிறோம். அந்த 43 பேரும் வாருங்கள். துப்பாக்கிதான் வேண்டும் என்கிறவர்களும் வரலாம், அத்தையும் வருகிறார், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.