வழிகாட்டி மதிப்பு ஏறினால் சொத்து வரி ஏறாது

"வழிகாட்டி மதிப்பு ஏறிடுச்சு, மாநகராட்சி பட்ஜெட்டிலும் பற்றாக்குறை, தண்டையார்பேட்டை, ராயபுரம் வீடுகளுக்கு வரி தானாகவே ஏறும்" என்று பரவும் வாட்ஸ்அப் தகவல் தவறு.

வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவுக்காகப் பதிவுத்துறை நிலத்துக்கு நிர்ணயிக்கும் மதிப்பு. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணத்தைக் கணக்கிட உதவுவது; சொத்து வரிக்கு அல்ல. சொத்து வரிக்கு அடிப்படை ஆண்டு வாடகை மதிப்பு: தெருவுக்கான சதுர அடி விகிதம், கட்டடப் பரப்பு, பயன்பாடு. பற்றாக்குறை வந்தாலும் மாமன்றத் தீர்மானமின்றி விகிதம் மாறாது. 2022 சீராய்வே சாட்சி: பழைய சென்னைப் பகுதியில் (2011 விரிவாக்கத்துக்கு முந்தைய எல்லை) 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50%, 1,800-க்கு மேல் 150% என்று பரப்பை வைத்தே உயர்வு வந்தது.

உங்களுக்கு மட்டும் வரி எகிறியிருந்தால் கேட்பு ரசீதில் பரப்பையும் பயன்பாட்டையும் பாருங்கள். வீட்டிலிருந்த கடையை மூடிய பிறகும் பயன்பாடு 'வணிகம்' என்றே கிடக்கலாம். மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் திருத்த மனு கொடுங்கள்.