டைகாஸ்ட் ஜெட் மாதிரிகளும் அசல் விமான உலோகமும்: உண்மை விளக்கம்

மிக்-15, எஃப்-86 சேபர் போன்ற தொடக்ககாலப் போர் ஜெட் விமானங்களின் டைகாஸ்ட் மாதிரிகள் (உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்க்கப்படும் சிறிய உருவங்கள்), சேவையிலிருந்து நீக்கப்பட்ட அசல் விமானங்களை உருக்கி வார்க்கப்பட்டவை என்றும், அவற்றின் கனமே அதற்குச் சான்று என்றும் ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறானது.

அவ்விமானங்களின் உடலும் இறக்கைகளும் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. மாதிரிகளுக்கு வழக்கமாகப் பயன்படுவதோ, ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்த ஜமாக் என்னும் துத்தநாகக் கலவை. ஒரு கன சென்டிமீட்டர் ஜமாக் சுமார் 6.6 கிராமும், விமான அலுமினியம் சுமார் 2.8 கிராமும் எடையுள்ளவை என்பதால், கையில் உணரும் கனம் அச்செய்தியை மறுக்கவே செய்கிறது. சிறிதளவு ஈயம் கலந்தாலே துத்தநாக வார்ப்பு காலப்போக்கில் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும் என்பதால், கலவையின் தூய்மை மிகவும் முக்கியம். ஏஎஸ்டிஎம் என்னும் தர நிர்ணய அமைப்பு துத்தநாக வார்ப்புகளுக்காக வெளியிட்ட பி86 தரநிலையில் இதைச் சரிபார்க்கலாம். இச்செய்தியை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் ஏமாறுவார்கள். அன்புகூர்ந்து இதை மேலும் பகிர வேண்டாம்.