நடுவில் இருக்கும் பெயர்

ஞாயிற்றுக்கிழமை தருமபுரி மண்டபத்தில், ஒரு ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கு எடுத்த பாராட்டு விழாவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. அதனால் யார், எவர் என்று எழுதப் போவதில்லை.

"ஒரு பேப்பர்ல முப்பது பேர் பேரு, நம்ம அம்மா பேரு பதினெட்டாவது. கும்பலோட கோவிந்தா!" என்று மேடையில் பேசிய ஒருவர், அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றி மைக்கில் சொன்னார். கூட்டம் சிரித்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை ஆய்வில் இத்தனை வருஷம் உழைத்த பெண், நம் பாலக்கோடு பக்கம் பிறந்தவர், போர்த்திய சால்வையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தார். மூன்று நாளாக அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும்தான் பெரிதாகப் பார்ப்பார்கள். ஆனால் நடுவில் பெயர் இருப்பது கேவலமில்லை. நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு 2023-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பல் பிடுங்கும் முன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அந்த மருந்தை ஆபரேஷனுக்குச் சில நிமிஷம் முன்பு மார்புக் கட்டியைச் சுற்றிப் போட்டார்கள். விலை குறைந்த மருந்து. ஐந்து வருஷம் கழித்து, ஊசி போடாதவர்களில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 86.4. போட்டவர்களில் 90.1. வித்தியாசம் நூற்றுக்கு நாலுகூட முழுசாக இல்லை. ஒரே ஆஸ்பத்திரியில் ஐம்பது பேருக்குப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு பேர்தான் வித்தியாசம் வரும். அது மருந்தாலா, தற்செயலா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. அதனால்தான் 1,600 பெண்கள் தேவைப்பட்டார்கள், 11 ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன, பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. கத்தி பிடித்தவர், திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், கணக்குப் போட்டவர் என்று அத்தனை பேரும் இல்லாமல் அந்த நாலு உயிர் கண்ணுக்கே தெரிந்திருக்காது. நடுவில் இருக்கும் பெயர்கள் அவர்களுடையவை.

காசு கொடுத்துப் பேர் போடுகிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். நோயாளி பக்கத்தில் நின்று வேலை செய்தவரை ஏன் கேட்கிறீர்கள்?

டீச்சருக்கு டாக்டர் விஷயம் எதற்கு என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார். சரி, அதையும் சொல்கிறேன்.

என் சித்தி பென்னாகரத்தில் இருக்கிறார். புளியங்கொட்டை அளவு கட்டி. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னதுகூட கிணற்றடியில், துணி துவைக்கும் சத்தத்துக்கு நடுவில். மொரப்பூரில் ரயில் ஏறிச் சென்னை போகும்வரை அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முழுசா எடுத்துருவாங்களா கண்ணு?"

எடுக்கவில்லை. கட்டியை மட்டும் எடுத்து, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். ஒரு காலத்தில் மார்பு முழுவதையும் அடித்தசையோடு வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். அது வேண்டியதில்லை என்று நிரூபிக்க இத்தாலியில் வெரோனேசி குழுவுக்கு 701 பெண்கள், அமெரிக்காவில் ஃபிஷர் குழுவுக்கு 1,851 பெண்கள். 1970-களில் ஆரம்பித்து, இருபது வருஷம் பின்தொடர்ந்து, 2002-இல் இரண்டு பேருமே சொன்னார்கள்: மார்பு முழுவதையும் எடுக்காமல், கட்டி இருக்கும் பகுதியை மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறையவில்லை. ஃபிஷர் ஒருவரே எத்தனை ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்? ஊர் பேர் தெரியாத டாக்டர்கள் செய்தது அது. என் சித்தி ஜாக்கெட் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார் என்றால், அந்த நடுப்பெயர்களால் போகிறார்.

இன்னொன்று. அழைப்பிதழில் "பெண்கள் நோய் ஆராய்ச்சியாளர்" என்று அச்சடித்திருந்தார்கள். மார்பகம் என்ற வார்த்தையை அச்சடிக்கக் கூச்சமா? என் சித்தி எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது இந்தக் கூச்சத்தால்தான். மேடையில் சிரிக்க மட்டும் யாருக்கும் கூச்சம் வரவில்லை.

வேடிக்கையாகச் சொன்னார், விட்டுவிடு என்கிறார்கள். என்னால் முடியவில்லை. அன்றைக்குச் சித்தியையும் கூட்டிப் போயிருந்தேன். அந்தம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அவரேதான் கேட்டார், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் இருந்ததால் மைக்கில் பேசியது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "என்ன சொல்லி கண்ணு எல்லாரும் சிரிச்சாங்க?"

ஒண்ணுமில்ல சித்தி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.