கான்ஃபரன்ஸ் பலம் வேறு, ஒமாஹா வாய்ப்பு வேறு

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் மே கடைசியில் தேசியக் கோப்பைக்கான 64 அணிகளின் பட்டியல் வந்துவிட்டால் ஆண்டுதோறும் ஒரே சண்டைதான். கான்ஃபரன்ஸ் என்றால் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் லீக்; அதில் தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி.க்கு இத்தனை இடமா என்று ஒரு பக்கம் கொதிப்பார்கள். பலமான கான்ஃபரன்ஸுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று இன்னொரு பக்கம் கேட்பார்கள். என்னைக் கேட்டால், யார் உள்ளே வரத் தகுதியானவர் என்பது ஒரு கேள்வி, கடைசி எட்டு அணிகள் கோப்பைக்கு மோதும் ஒமாஹா வரை யார் போவார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல்.

எஸ்.இ.சி. பலமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019 முதல் 2025 வரை, போட்டி நடக்காத 2020 தவிர, எல்லாக் கோப்பையும் அங்கேதான் போயிருக்கிறது. வாண்டர்பில்ட், மிஸ்ஸிஸிப்பி ஸ்டேட், ஓல் மிஸ், எல்.எஸ்.யூ., டென்னசி, மறுபடி எல்.எஸ்.யூ.

ஆனால் 2025ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 16 எஸ்.இ.சி. அணிகளில் 13 உள்ளே வந்தன, அதுவே சாதனை. நாலு நாலு அணிகளாக ஆடும் முதல் சுற்றான ரீஜனல் முடிந்தபோது மிஞ்சியவை 4. ஒமாஹாவுக்குப் போனவை ஆர்கன்சா, எல்.எஸ்.யூ. என்று இரண்டே இரண்டு. முதல் தரவரிசையில் இருந்த வாண்டர்பில்ட் சொந்த மைதானத்திலேயே ரைட் ஸ்டேட்டிடம் தோற்று வெளியேறியது. இரண்டாம் இடத்திலிருந்த டெக்சஸை, ஆஸ்டினிலேயே வைத்து, எஸ்.இ.சி.யில் இல்லாத யூ.டி.எஸ்.ஏ. (சான் அன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அப்புறம் முர்ரே ஸ்டேட். ரீஜனலில் நாலாவது இடம் கொடுக்கப்பட்ட அணி, ஓல் மிஸ் மைதானத்தில் ஓல் மிஸ்ஸையே ஒரு ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி, அடுத்து டர்ஹமில் டியூக்கையும் தாண்டி, முதல்முறையாக ஒமாஹாவில் கால் வைத்தது.

தேர்வுக் குழு பெரிதும் பார்ப்பது ஆர்.பி.ஐ. (Rating Percentage Index) என்ற மதிப்பீட்டு எண்ணை. அதில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம்தான். எதிரணிகளின் விகிதத்துக்கு 50, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. ஆக, பலமான கான்ஃபரன்ஸில் இருந்தால் தோற்றாலும் எண் பெரிதாக இறங்காது. 2025இல் கென்டகி கான்ஃபரன்ஸுக்குள் 13 வென்று 17 தோற்றும் உள்ளே வந்தது இப்படித்தான். சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கோ, தங்கள் கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்றால்தான் கதவு நிச்சயமாகத் திறக்கும். வடக்கத்தி அணிகளின் பாடு இன்னும் மோசம். பிப்ரவரி நடுவில் சீசன் தொடங்கும்போது ஊரெல்லாம் பனி. முதல் சில வாரங்கள் தெற்கே போய் அடுத்தவன் மைதானத்தில்தான் ஆட வேண்டும்.

சரி, அப்படியானால் கான்ஃபரன்ஸுக்குள் பாதிக்கு மேல் தோற்ற அணிக்கு இடமே தரக் கூடாது என்று விதி போடலாமா? அங்கேதான் 2022 ஓல் மிஸ் குறுக்கே நிற்கிறது. கான்ஃபரன்ஸில் 14 வெற்றி, 16 தோல்வி. கடைசியாக உள்ளே எடுக்கப்பட்ட அணி. கோப்பையே வென்றது. சீசன் பாதிக்கு மேல் டிலன் டெலூசியா முதன்மை பிட்சராக (பந்து வீசுபவராக) எழுந்தது அதற்கு முக்கியக் காரணம். ஒமாஹாவில் ஆர்கன்சாவுக்கு எதிராக முழு ஆட்டத்தையும் அவர் ஒருவரே வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 2–0 என்று முடித்தார்.

அதனால்தான் வாய்ப்பைக் கணிக்கும்போது நான் கான்ஃபரன்ஸ் பெயரை விட்டுவிட்டு பிட்சர்களைப் பார்க்கிறேன். வழக்கமான சீசனில் வார இறுதித் தொடருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஆட்டத்தைத் தொடங்க மூன்று பிட்சர் போதும். ரீஜனலில் இரண்டு தோல்வி கண்டால் வெளியே. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி பிழைக்க வேண்டுமென்றால் நாலு நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். நாலாவது ஆட்டத்தில் யார் வீசுவார், ஏழாவது இன்னிங்ஸில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை எந்த ஆர்.பி.ஐ.யும் சொல்லாது.

தேர்வுக் குழுவிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான்: கடைசி மூன்று நாலு இடங்களை நிரப்பும்போதாவது எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கடைசி ஒரு மாதம் அந்த அணி வெளியூரில் எப்படி ஆடியது, அதன் மூன்றாவது, நாலாவது பிட்சர் எப்படி வீசினார் என்று பாருங்கள். அதில் எஸ்.இ.சி. அணி தேறினால் அதற்கே கொடுங்கள், எனக்கு மறுப்பே இல்லை. சன் பெல்ட், மிசௌரி வேலி போன்ற வேறு கான்ஃபரன்ஸில் இருக்கும் அணி தேறினால் அதற்குக் கொடுங்கள்.